இரண்டாவது பட்டன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஹோட்டலில் உட்கார்ந்து, வேகவைத்த முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார் ஹென்னிங் வெஸ்ஸோலெக். நாடக அரங்கின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நடிகர்களுக்கு வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டர் பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம், காற்றுத்தான் வருகிறதாம். மாலை நான்கு மணிக்கு நாடகம்.

"கவலைப்படாதீங்க, வேற ஆள் பிடிச்சாச்சு," என்றது போனில் ஓர் இளம் குரல். "இதே ஊர்தான். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி நம்ம அரங்கத்துலயே வேலை பார்த்தவங்களாம். உங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும். கெஸீனே கல்வைட்."

கரண்டி ஒரேயடியாக உள்ளே இறங்கி, மஞ்சள் கரு மேஜைவிரிப்பில் வழிந்தது. "தெரியும்," என்றார் ஹென்னிங். எழுபத்தோரு வயதில் முட்டை உடைக்கத் தெரியாத மனிதர் அல்ல. அந்தப் பெயரை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

டிவி உள்ள எந்த வீட்டிலும் அவர் முகத்தைத் தெரியும். பெயர்தான் பாதிப் பேருக்கு வாயில் வராது. "அட, அந்தக் கொலைகாரன்!" என்பார்கள். துப்பறியும் தொடர்களில் இதுவரை முப்பத்தொரு பேரைக் கொன்றிருக்கிறார். இடையிடையே பாதிரியார், நீதிபதி, இரண்டு அமைச்சர்கள், ஒரு கசாப்புக் கடைக்காரர். கதாநாயகனாக ஒருமுறைகூட இல்லை. அந்த மூக்கை வைத்துக்கொண்டு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது அவருக்கே தெரியும், அதில் வருத்தமும் இல்லை. அவரிடம் விற்பதற்கு வேறு ஒரு சரக்கு இருந்தது. அதுதான் மௌனம். போலீஸ்காரர் கேள்வி கேட்பார், இவர் பதில் சொல்ல மாட்டார். ஐந்து நொடி, பத்து நொடி. வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர் கையில் எடுத்த ரொட்டித் துண்டை வாயில் வைக்க மறந்துவிடுவார். நடிப்புப் பள்ளிகளில் அந்தக் காட்சிகளைப் போட்டுக் காட்டிப் பாடம் நடத்துகிறார்களாம்.

அந்த மௌனத்தை உருவாக்கியவர்கள் இரண்டு பேர் என்பது எந்தப் பள்ளிக்கும் தெரியாது.

முப்பத்துநான்கு வருடங்களுக்கு முன் இதே அரங்கில் மேடையின் விளிம்பில் ஒரு குழி இருந்தது. அதற்குள் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பாள் கெஸீனே. எடுத்துக் கொடுப்பது பெரிய வித்தை இல்லை. எப்போது எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதுதான் வித்தை. ஹென்னிங் இடைவெளி விட்டு நடிக்கிற ஆள். வேறு பிராம்ப்டராக இருந்தால் மூன்றாவது நொடியே பதறிப்போய்ச் சொல்லிக் கொடுத்து, எல்லாவற்றையும் கெடுத்துவிடுவார்கள். அதனால் இருவரும் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டார்கள். கோட்டின் இரண்டாவது பட்டன்மேல் அவர் கட்டைவிரல் இருந்தால், "எனக்குத் தெரியும், சும்மா இரு." விரல் எடுபட்டால், "காப்பாத்து." வருடத்துக்கு ஒரு நாடகப் பருவம் என்று நான்கு பருவங்கள் அவள் அவர் முகத்தைப் பார்த்ததைவிட அந்த விரலைப் பார்த்ததுதான் அதிகம். அவள் காத்திருப்பாள் என்ற தைரியத்தில்தான் அவருடைய இடைவெளிகள் வருடத்துக்கு வருடம் நீண்டன.

பிறகு ஒரு செப்டம்பர் மாதம் புது நாடகத்தின் முதல் காட்சி வந்தது. நான்காவது வரிசையில் பெர்லினிலிருந்து வந்த டிவிக்கார அம்மாள் ஒருத்தி, இவரைப் பார்ப்பதற்கென்றே உட்கார்ந்திருந்தாள். கிராமத்து டாக்டர் வேடம். சொல்ல வேண்டியது, "பாலை யார் உள்ளே எடுத்து வெச்சது?" அவ்வளவுதான். ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். அது சுத்தமாகத் துடைத்துவிட்டதுபோல் மறந்துபோனது. கட்டைவிரலோ பழக்கதோஷத்தில் பட்டன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. கெஸீனே விரலைப் பார்த்தாள், ஒப்பந்தப்படி வாயை மூடிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு நொடி. சபையில் இருமல் ஆரம்பித்தது. ஹென்னிங் குழியை நோக்கிக் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன கெஸீனே, தூங்கிட்டியா? கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன்!" என்றார்.

சபை கொல்லென்று சிரித்தது. அவர் தப்பித்தார். மறுநாள் பத்திரிகை தூங்கிய பிராம்ப்டரைப் பற்றி இரண்டு வரியும், அதைச் சமாளித்த நடிகரைப் பற்றி இருபது வரியும் எழுதியது. டிவிக்கார அம்மாள் ஒப்பந்தத்தை அனுப்பிவைத்தாள்.

இதோடு போயிருந்தால் ஒரு பூங்கொத்தும் மன்னிப்பும் போதும். ஆனால் கெஸீனேவுக்கு அது பதினான்காவது பருவம். ஒரே அரங்கில் பதினைந்து பருவம் முடித்தவரை வெளியே அனுப்ப முடியாது என்பது விதி. அதனால் பதினான்காம் வருடம் அக்டோபர் மாதம் வந்தாலே எல்லோருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த மாதம் முடிவதற்குள்தான் புதுப்பிக்க மாட்டோம் என்ற கடிதம் வரும். கடிதத்துக்கு முன் அரங்கின் தலைவர் ஆளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். துணைக்கு ஒரு சக ஊழியரை அழைத்துப் போகலாம். கெஸீனே ஹென்னிங்கை அழைத்துப் போனாள்.

தலைவர் ரோலோஃப், "அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டார். அவள் ஹென்னிங்கைத் திரும்பிப் பார்த்தாள். ஹென்னிங் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. கடிதம் வந்தது. பருவம் முடிந்ததும் அவள் போனாள். ஹென்னிங்கும் பெர்லினுக்குப் போனார், ஆனால் அது வேறு மாதிரிப் போவது.

அன்றிலிருந்து அவர் தனக்குத்தானே ஒரு மருந்து வைத்திருந்தார். "அவளுக்கு வாய் இருந்ததே, அவளே சொல்லியிருக்கலாமே. அடையாளத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் மறுத்திருக்கவா போறேன்?" தூக்கம் வராத நாட்களில் இதைச் சொல்லிக்கொள்வார். கேட்கும், ஆனால் தீராது. கெஸீனே கல்லறைத் தோட்டத்து வாசலில் பூக்கடையில் வேலை பார்க்கிறாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ரோலோஃப் இறந்தபோது அடக்கத்துக்கு வந்த ஹென்னிங், பின்வாசல் வழியாக நுழைந்து, கையில் ஒரு பூகூட இல்லாமல் நின்றார். முப்பத்தொரு கொலை செய்தவருக்கு ஒரு பூக்கடையைக் கடந்துபோகத் தைரியம் இல்லை.

இப்போது இந்த அரங்கம் அவரைக் கௌரவ உறுப்பினராக்குகிறது. அதற்காகவே விருந்தாளி நடிகராக வந்து இந்த நாடகத்தில் நடிக்கிறார். மூன்று மணிக்கு மேக்கப் அறைக் கதவு தட்டப்பட்டது.

கெஸீனே உள்ளே வந்தாள். தலை முழுக்க வெள்ளை. கையில் நாடகப் பிரதி, பென்சில், கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. "வணக்கம், வெஸ்ஸோலெக்," என்றாள். "இடைவெளி எங்கெங்க வருதுன்னு குறிச்சுக்கணும். ஒரு பதினஞ்சு நிமிஷம் ஆகும். உட்காரலாமா நான்?"

நாடகக்காரர்கள் முதல் நாளிலேயே நீ, வா, போ என்று பேசிக்கொள்கிற சாதி. அவள் "நீ" என்று சொல்லாமலே பேச்சை நகர்த்தினாள், பிறகு "நீங்க" என்று வெளிப்படையாகவே சொன்னாள். நாற்பத்தோராம் பக்கத்துக்கு வந்தபோது, "இங்க எவ்வளவு நேரம் எடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"எட்டு நொடி."

"ரிகர்சல் குறிப்புல ஆறுன்னு போட்டிருக்கு."

"சபை நல்லா இருந்தா எட்டு."

அவள் ஆறை அடித்து எட்டு என்று எழுதினாள். "இன்னும் மாறல நீங்க."

"கெஸீனே, கடை... வேலையெல்லாம் எப்படி?"

"பூக்கடையா? விட்டு எட்டு வருஷமாச்சு. அங்கயும் இதே பொழப்புதான். கல்லறைப் பக்கமா மாலை கொண்டுபோவேன். பாதிரியாருக்குச் செத்தவங்க பேரு மறந்துபோகும். நான் பின்னாடி நின்னு மெதுவா எடுத்துக் கொடுப்பேன்." அவள் சிரிக்கவில்லை, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "ஒருத்தருக்கு மட்டும் வேணும்னே தப்பாச் சொல்லிடலாமான்னு தோணுச்சு. ரோலோஃபுக்கு. சொல்லல."

அப்படியென்றால் அன்று அவள் அங்கே இருந்திருக்கிறாள். பின்வாசலில் நுழைந்தவரைப் பார்த்தும் இருப்பாள். ஹென்னிங்குக்கு மேக்கப்புக்கு அடியில் முகம் சூடேறியது. "கெஸீனே, அந்த முதல் காட்சியன்னைக்கு நான்..."

சுவரிலிருந்த ஒலிபெருக்கி, "இன்னும் அரை மணி நேரம், அரை மணி நேரம்," என்றது.

"நாடகத்துக்கு முன்னாடி வேணாம்," என்றாள் அவள். "தொண்டை அடைச்சுக்கும். அப்புறம் எனக்குத்தான் வேலை." எழுந்து நின்று கண்ணாடியில் அவர் கோட்டைப் பார்த்தாள். "அதே அடையாளமா?"

வேறு ஏதாவது வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல நினைத்தார். சொன்னால் ஏன் என்று பேச வேண்டிவரும். "அதே," என்றார்.

மேடை ஏறுமுன் வாழ்த்தும் நாடகக்காரர் வழக்கப்படி அவள் அவருடைய இடது தோளுக்கு மேலாக மூன்று தரம் துப்புவதுபோல் செய்தாள். அதற்கு நன்றி சொன்னால் நாடகம் கெட்டுப்போகும் என்பார்கள். ஹென்னிங் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். இந்தப் பெண்ணிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும் அவருக்கு எப்போதும் சுலபமாகவே வந்தது.

நாடகம் ஒரு கிழவனைப் பற்றியது. கால்வாயில் படகுகளுக்கு மதகு திறந்துவிடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், அவன் வீட்டை மகள் விற்கப்போகிறாள். முதல் பாகம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போயிற்று. மேடையில் இப்போது குழி இல்லை, பலகை போட்டு மூடிவிட்டார்கள். கெஸீனே முன்வரிசை ஓரத்தில், மடியில் ஒரு சின்ன விளக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் பாகத்தில் மகள், "அப்பா, கையெழுத்துப் போடறீங்களா இல்லையா?" என்று கேட்பாள். கிழவன் அதற்குப் பதில் சொல்லாமல், "சமையலறை விளக்கை அணைச்சேனா?" என்று கேட்க வேண்டும். நடுவில் எட்டு நொடி. ஹென்னிங் கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்து எண்ண ஆரம்பித்தார். எட்டு வந்தது. வசனம் வரவில்லை.

பத்து. பன்னிரண்டு. தலைக்குள் விளக்கும் இல்லை, சமையலறையும் இல்லை. சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தது. டிக்கெட் வாங்கி அவர்கள் வந்ததே இதற்குத்தான். அவர் கண் முன்வரிசைக்குப் போனது. கெஸீனேயின் விரல் பிரதியில் அந்த வரியின் கீழே நின்றது, வாய் மூடியிருந்தது, பார்வை அவர் பட்டன்மேல் இருந்தது. முப்பத்துநான்கு வருடம் கழிந்தும் இம்மி பிசகாமல் காத்திருந்தாள்.

விரலை எடுத்தால் போதும். காதோடு காதாக எடுத்துக் கொடுத்துவிடுவாள், ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. அந்த நினைப்பே அவருக்குக் குமட்டியது. இந்தத் தடவையும் யாருக்கும் தெரியாமலா?

அவர் கோட்டிலிருந்து கையை எடுத்தார். மேடை விளிம்புக்கு வந்தார். "இது இடைவெளி இல்லைங்க," என்றார். "எனக்கு வசனம் மறந்துபோச்சு. இதோ உட்கார்ந்திருக்காங்களே இவங்க, இவங்க தூங்கல. அன்னைக்கும் தூங்கல. இந்த விரல் பட்டன் மேல இருந்ததால சும்மா இருந்தாங்க. தப்பு என்னுது."

எங்கோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். அப்படியே அரங்கம் முழுக்கத் தட்டியது. இரண்டாவது மாடியிலிருந்து "பிரமாதம்!" என்று கத்தினார்கள். கிழவனுக்குப் புத்தி தடுமாறுகிறது, அதை எப்படிக் காட்டுகிறான் பார் என்று வியந்தார்கள். ஹென்னிங் திறந்த வாயோடு நின்றார். மன்னிப்புக் கேட்கப் போனவனுக்கு மாலை போட்டு அனுப்புகிறார்களே என்று நொந்துபோனார். கைதட்டல் அடங்கியதும் முன்வரிசையிலிருந்து, அவருக்கு மட்டும் எட்டுகிற குரல் வந்தது: "'சமையலறை விளக்கை...'" அவர் பின்னால் போய் நின்று, வசனத்தைச் சொல்லி, நாடகத்தை முடித்தார்.

பிறகு கேன்டீனில் விழா. நீளமான மேஜைகளில் காபி, பிளம்ஸ் பழக் கேக், கிண்ணம் கிண்ணமாக அடித்த கிரீம். இப்போதைய தலைவி ஸ்டூவே, நாற்பத்தைந்து வயசுக்காரி, நல்ல பெண், பேச்சுத்தான் நிற்காது. சான்றிதழை நீட்டிக்கொண்டே, "அந்த இடம்! வேஷத்தைக் கிழிச்சுட்டு வெளியே வந்தீங்களே, எனக்குப் புல்லரிச்சுப்போச்சு," என்றாள். "அதை எல்லாக் காட்சிக்கும் வெச்சுக்கலாமா? பிரதியிலேயே எழுதிடட்டுமா?"

"வேணாம்," என்றார் ஹென்னிங். "அது நடிப்பு இல்ல."

"அதுதானே அதோட அழகே!"

ஹென்னிங் சான்றிதழைக் கேக் தட்டுகளுக்கு நடுவில் வைத்தார். கெஸீனே காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, கிளம்பப்போகிறவளாக நின்றாள். இப்போது விட்டால் இனிமேல் இல்லை. அவர் பேசினார். மேடைக் குரலில் இல்லை, வீட்டில் பேசுகிற குரலில் பேசினார். செப்டம்பர் மாதம், பால், இருபத்திரண்டு நொடி, பெர்லின் அம்மாள், "தூங்கிட்டியா" என்று கேட்டது, சபை சிரித்தது, எல்லாவற்றையும் சொன்னார். இளம் நடிகன் ஒருவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான், பாதியில் நிறுத்திக்கொண்டான். முள்கரண்டிகள் ஒவ்வொன்றாகத் தட்டில் இறங்கின. ஸ்டூவேகூட வாயை மூடினாள். இந்தத் தடவை ஒருவரும் கைதட்டவில்லை.

"அதனாலதான் இவங்களுக்கு வேலை போச்சு," என்று முடித்தார் ஹென்னிங். நெஞ்சு லேசானதுபோல் இருந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சுகூட விட்டார்.

"அவ்வளவுதானா?" என்றாள் கெஸீனே.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"செப்டம்பரைச் சொல்லிட்ட. அக்டோபர்?" அவளையும் அறியாமல் பழைய "நீ" வந்துவிட்டது. "வசனம் மறக்கிறது மனுஷனுக்கு வர்றதுதான். பதறிப்போய் என் தலையில போட்டுட்ட, அதுகூடச் சரி. மேடையில நிக்கிறவனுக்கு உயிர் போற மாதிரி இருக்கும், எனக்குத் தெரியாதா? அதுக்காக நான் உன்மேல கோவப்படல, ஹென்னிங். கோவமா இருந்தா உன்னை ஏன் துணைக்குக் கூட்டிட்டுப் போறேன்?"

"நீயும் ஒண்ணும் சொல்லலையே," என்றார் அவர். சொல்லி முடிக்குமுன்பே, முப்பத்துநான்கு வருட மருந்து எவ்வளவு மட்டமான சரக்கு என்று தெரிந்துவிட்டது.

"ஏன் சொல்லலைன்னு ஒரு நாளாவது யோசிச்சியா?" அவள் கிட்டே வந்தாள். "ரோலோஃப் கேட்டாரு. நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்த. உன் கட்டைவிரல் பட்டன் மேல இருந்துச்சு."

ஹென்னிங்குக்கு அது நினைவே இல்லை. இலை கூட்டியவர் நினைவிருந்தார், அவருடைய துடைப்பத்தின் நிறம்கூட நினைவிருந்தது. தன் கை எங்கே இருந்தது என்பது மட்டும் இல்லை.

"சரி, தெரியும்கிறான், பேசப்போறான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கறான்னு நினைச்சேன். குறுக்க பேசி உன் இடைவெளியைக் கெடுக்கக் கூடாதுன்னு சும்மா இருந்தேன். நாலு வருஷப் பழக்கம். ரோலோஃப் ஃபைலை மூடினாரு. நாம வெளியே வந்தோம். நீ மாடிப்படி இறங்கிப் போயிட்ட. நான் அங்கயே நின்னேன், இப்பவாவது திரும்பி வந்து சொல்லுவான்னு."

ஹென்னிங் பதில் தேடினார். அப்போதுதான் கெஸீனேயின் பார்வை எங்கே இருக்கிறது என்று கவனித்தார், தானும் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. யாரும் வைக்கச் சொல்லவில்லை, தானாகவே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. மறைத்துக்கொள்ள வேண்டிய ஒவ்வொரு நேரத்திலும் அது அங்கேதான் போயிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் ஊரெல்லாம் கைதட்டியிருக்கிறது. வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

"இப்பச் சொல்லு," என்றாள் கெஸீனே. "இது இடைவெளியா, எடுத்துக் கொடுக்கட்டுமா?"

அவர் விரலை எடுத்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு அடி முன்னால் வந்து, எப்போதும்போல் இரண்டே வார்த்தை, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"'அக்டோபர் மாசம்...'"

"அக்டோபர் மாசம், ரோலோஃபோட ரூம்ல," என்று ஆரம்பித்தார் ஹென்னிங், "இவங்க பக்கத்து நாற்காலியில நான் உட்கார்ந்திருந்தேன்."